மீன் பண்ணையில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா: முதல் மீன் மிதந்த நாளிலிருந்து செய்ய வேண்டியவை

கூண்டில் மீன் செத்து மிதந்ததும், பக்கத்துக் கூண்டுக்காரர் போன முறை எந்தப் பொடி போட்டார் என்று கேட்டு அதையே வாங்கித் தீவனத்தில் கலப்பதுதான் பல பண்ணைகளில் நடக்கிறது. நாலு நாளில் சாவு குறைந்தால் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். குறையாவிட்டால் வேறு பொடிக்குத் தாவுகிறார்கள். பினாங்கில் பத்து மாவுங், புக்கிட் தம்புன் பக்கத்துக் கடல் கூண்டானாலும் சரி, நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துக் கெலி (கெளுத்தி) மீன் குளமானாலும் சரி, மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா அந்தச் சில நாள்களில்தான் பெருகுகிறது. எந்தக் கிருமி என்று தெரியாமல் போட்ட மருந்தும், அளவு குறைந்துபோன மருந்தும், பாதியில் விட்ட மருந்தும்தான் அதற்கு வழிவிடுகின்றன.

தண்ணீரில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாவில் மருந்தைத் தாங்கும் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். அரைகுறை மருந்து மற்றவற்றைக் கொன்று, இவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. அதோடு நிற்பதும் இல்லை. எதிர்ப்பைத் தரும் மரபணு பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் ஏறி, ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குத் தாவும். குயினோலோன் என்ற ஆன்டிபயாட்டிக் வகையை எதிர்க்கும் க்யூஎன்ஆர்-ஏ மரபணு மனிதரைத் தாக்கும் கிருமிகளில் காணப்பட்டது. ஷிவனெல்லா ஆல்கே என்ற நீர்வாழ் பாக்டீரியாதான் அதன் பிறப்பிடம் என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். கூண்டில் நடப்பது கூண்டோடு முடிவதில்லை.

முதல் படி: மருந்தைத் தொடாமல் தண்ணீரைப் பாருங்கள்

காலை ஆறரை மணிக்குள் கரைந்த ஆக்சிஜனை அளந்துவிடுங்கள். இரவெல்லாம் மீனும் பாசியும் மூச்சுவிட்டு, விடியுமுன் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். பத்து மணிக்கு அளந்தால் நல்ல எண்தான் வரும், அது ஏமாற்றும். லிட்டருக்கு 4 மி.கி.க்குக் கீழே இருந்தால், கிருமி இருக்கிறதோ இல்லையோ, முதலில் தீர்க்க வேண்டியது அதுதான். கெலி மேலே வந்து காற்றை விழுங்கித் தப்பிக்கும், சியாக்காப்பும் (கொடுவா) திலாப்பியாவும் அப்படித் தாங்காது. கடல் கூண்டில் நீரோட்டம் ஓய்ந்துகிடக்கும் 'ஆயிர் மாத்தி' நாள்களிலும், வலைக்கண் பாசியும் சிப்பியும் பிடித்து அடைந்திருக்கும்போதும் இந்தச் சாவு அதிகம்.

அடுத்து மீனைப் பாருங்கள். ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படாத நோய்களை அடையாளம் கண்டு ஒதுக்குவதுதான் இங்கே நோக்கம். விரல் நீளக் குஞ்சுகள் கறுத்து, சுழன்று, வயிற்றை மேலே காட்டி மிதந்தால் நரம்பைத் தாக்கும் வைரஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். குளத்தில் விட்டு ஒரு மாதத்துக்குள் திலாப்பியாக் குஞ்சுகள் கூட்டமாகச் செத்தால், 2017இல் மலேசியாவில் கண்டறியப்பட்ட திலாப்பியா ஏரி வைரஸாகவும் இருக்கலாம். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் போடுவது, நோயைத் தொடாமல் குளத்தில் எதிர்ப்பை மட்டும் வளர்ப்பதாகும். துடுப்பிலும் வாயோரத்திலும் பழுப்பு நிற அட்டை ஒட்டியிருந்தால், அல்லது மீன் வலையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தால், அது ஒட்டுண்ணி. சியாக்காப்புக்கு நல்ல காற்றோட்டத்தோடு 5 முதல் 10 நிமிடம் நன்னீர்க் குளியல் கொடுத்தால் பெரும்பாலும் போதும்.

இனி பாக்டீரியா நோய்கள். திலாப்பியாவின் கண் பிதுங்கி, சுழன்று நீந்தினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். கெலியின் தோலில் சிவந்த புண்ணும் வயிறு உப்பலும் இருந்தால் ஏரோமோனாஸ். சியாக்காப், கெராப்பு (களவா) மீன்களில் துடுப்பின் அடியில் இரத்தம் கட்டி, பக்கவாட்டில் புண் விழுந்தால் விப்ரியோ. இவை ஊகத்துக்கு உதவும், மருந்து வாங்குவதற்குப் போதாது. எட்வர்ட்சியெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவும் ஏரோமோனாஸும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதைத் தொடாமலே போகலாம்.

இரண்டாம் படி: மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்

பினாங்குப் பண்ணைக்காரர்களுக்குக் கிடைத்திருக்கும் வசதி மற்ற மாநிலத்தாருக்குக் கிடையாது. மீன்வளத் துறையின் ஆராய்ச்சிக் கழகமும் தேசிய மீன் நல ஆய்வு மையமும் பத்து மாவுங்கிலேயே இருக்கின்றன. மாவட்ட மீன்வள அலுவலகத்துக்கு முதலில் போன் போட்டு, எப்படிக் கொண்டுவர வேண்டும், எந்த நாளில் வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

மாதிரியை மருந்து போடுமுன் எடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு வேளை மருந்து உள்ளே போனாலும் ஆய்வகத் தட்டில் கிருமி முளைக்காமல் போகலாம். பிறகு 'ஒன்றும் இல்லை' என்று அறிக்கை வரும், கூண்டில் மீன் செத்துக்கொண்டே இருக்கும்.

செத்து மிதப்பதை எடுக்காதீர்கள். நம் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே குடல் கிருமிகள் உடம்பெங்கும் பரவி, உண்மையான நோய்க்கிருமியை மறைத்துவிடும். தள்ளாடிக்கொண்டு இன்னும் உயிரோடு இருக்கும் மீன் நாலைந்தும், நன்றாக நீந்தும் மீன் ஒன்றிரண்டும் பிடியுங்கள். பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு அதே தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் நிரப்பிக் கட்டி, நிழலில் கொண்டுபோங்கள். உயிரோடு கொண்டுபோக வழியில்லை என்றால், ஒவ்வொரு மீனையும் தனித்தனிப் பையில் போட்டுப் பனிக்கட்டி மேல் வையுங்கள். பனிக்கட்டி தோலில் நேரடியாகப் படக்கூடாது, மீனை உறைய வைக்கவும் கூடாது. பண்ணையின் பெயர், கூண்டு எண், நீரின் வெப்பம், உப்பு, ஆக்சிஜன், எத்தனை மீன் செத்தது, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது என்ன மருந்து போட்டது, குஞ்சு எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். மருந்து போட்டதை மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மூன்றாம் படி: அறிக்கை வரும்வரை

முதல் வளர்ப்புக்கு ஒன்றிரண்டு நாள், தனிக் கிருமியைப் பிரிக்க ஒரு நாள், மருந்துச் சோதனைக்கு இன்னொரு நாள் என்று மூன்று நாலு நாளாவது ஆகும். கை துறுதுறுக்கும் நேரம் இதுதான். இந்த நாள்களில் தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். திலாப்பியாவில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று சந்தேகம் இருந்தால் ஒன்றிரண்டு நாள் முழுதாக நிறுத்தினாலும் நல்லதுதான், அதிலேயே சாவு குறையும். செத்த மீனைக் காலையும் மாலையும் எடுத்துவிடுங்கள், உயிருள்ள மீன் அதைக் கடித்துத் தின்றால் நோய் இன்னும் பரவும். தரம் பிரிப்பது, கூண்டு மாற்றுவது, வலை மாற்றுவது எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். அந்தக் கூண்டின் கைவலையையும் வாளியையும் வேறு கூண்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அறிக்கையைப் படிப்பது

ஆய்வகத்தில் மியூலர்-ஹின்டன் அகார் என்ற கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டில் கிருமியைச் சீராகப் பூசி, அதன் மேல் மருந்து ஊறிய 6 மி.மீ. காகித வில்லைகளை வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காத தெளிவான வட்டம் தெரியும். அதன் விட்டத்தை மி.மீ. கணக்கில் அளந்து எழுதுவார்கள். 6 மி.மீ. என்று எழுதியிருந்தால் வட்டமே இல்லை, வில்லையின் ஓரம் வரை கிருமி முளைத்திருக்கிறது என்று பொருள். தெளிந்த வட்டத்துக்குள்ளே புள்ளி புள்ளியாகச் சில கிருமிக் கூட்டங்கள் நின்றால், மருந்தைத் தாங்கும் சிறு கூட்டம் ஏற்கனவே உள்ளே இருக்கக்கூடும். அப்படி ஏதாவது தெரிந்ததா என்று ஆய்வகத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. ஒரு மருந்துக்கு 20 மி.மீ., இன்னொன்றுக்கு 16 மி.மீ. என்றிருந்தால் முதல் மருந்துதான் சிறந்தது என்று நினைக்கிறார்கள். அப்படிப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு மருந்தும் அகாரில் ஒவ்வொரு வேகத்தில் பரவும், வில்லையில் இருக்கும் அளவும் வேறு. அந்தந்த மருந்துக்கான எல்லையோடு ஒப்பிட்டுத்தான் 'எஸ்', 'ஐ', 'ஆர்' என்று எழுதுவார்கள். எஸ் என்றால் அடங்கும், ஆர் என்றால் அடங்காது, ஐ இரண்டுக்கும் நடுவில்.

வெப்பநிலையையும் கேளுங்கள். மனிதரின் கிருமிகளுக்கு 35 டிகிரியில் சோதிப்பது வழக்கம். மீனின் கிருமிகள் பலவற்றை 28 டிகிரியில், 24 முதல் 28 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். கடல் விப்ரியோவுக்கு அகாரில் உப்பும் தேவைப்படலாம். மருத்துவமனை முறையையே அப்படியே மீனுக்குப் போட்டால் எண் பிசகும்.

சில எதிர்ப்பு பிறவியிலேயே உள்ளது. ஏரோமோனாஸ் ஆம்பிசிலினுக்கு இயல்பாகவே அடங்காது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கொலிஸ்டினுக்கு அடங்காது. அறிக்கையில் இந்த 'ஆர்' வந்தால் பதறவும் வேண்டாம், அதற்காக மருந்தின் அளவைக் கூட்டவும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் 'ஆர்' என்று வந்தால் மருந்து வேண்டாம். அதையும் ஒரு சிகிச்சை முடிவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தீவனத்தைக் குறைத்து, நெரிசலைக் குறைத்து, ஆக்சிஜனைக் கூட்டி, மீனின் உடம்பே போராட விடுவதுதான் மிச்சமிருக்கும் வழி.

நான்காம் படி: மருந்தைத் தேர்வது

குளோராம்பெனிக்காலும், பியூராசோலிடோன் போன்ற நைட்ரோபியூரான் வகைகளும் உண்ணும் மீனுக்குத் தடை செய்யப்பட்டவை. மாலகைட் பச்சை என்ற சாயமும் உண்ணும் மீனுக்கு ஆகாது. முதலில் சொன்ன இரண்டின் எச்சத்துக்காகத்தான் 2016 ஏப்ரலில் தீபகற்ப மலேசியாவின் இறாலை அமெரிக்க உணவு மருந்து ஆணையம் துறைமுகத்திலேயே நிறுத்தி வைக்கத் தொடங்கியது. ஒழுங்காக வளர்த்தவர்களின் இறாலும் அதில் மாட்டிக்கொண்டது. கொலிஸ்டினை 2019 ஜனவரி முதல் மலேசியாவில் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குத் தடை செய்துவிட்டார்கள்.

என்ரோபுளோக்சசினைத் தொடாமல் இருப்பது நல்லது என்பதே எங்கள் உறுதியான கருத்து. அது மீனின் உடம்பில் சிப்ரோபுளோக்சசினாக மாறுகிறது. ஆஸ்பத்திரியில் மனிதருக்குக் கொடுப்பதும் அதே சிப்ரோபுளோக்சசின்தான்.

மீனுக்கு அதிகம் புழங்குபவை ஆக்சிடெட்ராசைக்ளினும் புளோர்பெனிக்காலும். கடல் நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் ஆக்சிடெட்ராசைக்ளினைப் பிணைத்துக்கொள்வதால், மீன் உறிஞ்சுவது குறைவு. மிச்சமெல்லாம் சாணத்தோடும் சிந்திய தீவனத்தோடும் கூண்டின் அடிச் சேற்றில் போய்ச் சேரும். வெயில் படும் மேல் நீரில் அது சிதைந்துவிடும், இருட்டுச் சேற்றில் நெடுநாள் தங்கும். புளோர்பெனிக்கால் நன்றாக உறிஞ்சப்படும், மனிதருக்கும் கொடுப்பதில்லை. ஆனால் அதை எதிர்க்கும் புளோ-ஆர் மரபணு குளோராம்பெனிக்காலையும் சேர்த்தே முறியடிக்கும். கெடுதல் இல்லாத மருந்து என்று எதுவும் கிடையாது. ஆன்டிபயாட்டிக்குகள் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. கால்நடை மருத்துவரின் சீட்டோடு, எம்ஏஎல் என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் உள்ள பொட்டலமாக வாங்குங்கள். பெயரில்லாத வெள்ளைப் பொடியில் மருந்து எத்தனை சதவீதம் என்று யாருக்கும் தெரியாது. சதவீதம் தெரியாவிட்டால் அடுத்த படியின் கணக்கைப் போடவே முடியாது.

ஐந்தாம் படி: அளவு

எதிர்ப்பு உருவாவதில் பாதி கதை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு கூண்டில் 800 சியாக்காப், சராசரி 500 கிராம். மொத்த எடை 400 கிலோ. மருத்துவர் எழுதியது புளோர்பெனிக்கால், மீனின் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 மி.கி., 10 நாள் என்று வைத்துக்கொள்வோம். 400 × 10 = 4,000 மி.கி., அதாவது ஒரு நாளைக்கு 4 கிராம் சுத்த மருந்து. பொட்டலத்தில் 50 சதவீதம் என்றிருந்தால் 8 கிராம் பொடி. 10 சதவீதம் என்றிருந்தால் 40 கிராம்.

நலமாக இருந்தபோது இந்தக் கூண்டு எடையில் 2 சதவீதம், அதாவது 8 கிலோ தீவனம் தின்றது. நோய் வந்தபின் 4 கிலோதான் தின்கிறது. பழக்கத்தில் 8 கிலோவில் மருந்தைக் கலந்தால், மீன் பாதியைத் தின்றுவிட்டு மீதியை விட்டுவிடும். உடம்புக்குள் போவது கிலோவுக்கு 5 மி.கி.தான். கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் பலவீனமானதை மட்டும் வடிகட்டி எதிர்ப்பு உள்ளதை மிச்சம் வைக்கும் அளவு அது. மீதி மருந்து தீவனத்தோடு சேற்றுக்குப் போகிறது. ஆகவே முதல் நாளே மருந்தில்லாத தீவனத்தைப் போட்டு, உண்மையில் எவ்வளவு தின்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். அதற்கும் கொஞ்சம் குறைவான தீவனத்தில், சொல்லப்போனால் மூன்றரைக் கிலோவில், அன்றைய 8 கிராமையும் கலந்து காலையில் மீன் பசியோடு இருக்கும்போது முதல் தீவனமாகப் போடுங்கள். அது தீர்ந்த பிறகுதான் சாதாரணத் தீவனம். மீன் அறவே தின்னவில்லை என்றால் தீவன மருந்து பயன்படாது. மருத்துவரிடம் திரும்பப் பேசுங்கள்.

கலக்கும் முறை: தராசு 1 கிராமைக் காட்டுவதாக இருக்க வேண்டும், கரண்டிக் கணக்கு உதவாது. பொடியை முதலில் ஒரு கைப்பிடித் தீவனத்தூளோடு கலந்து, பிறகு மொத்தத் தீவனத்தோடு மூடிய வாளியிலோ சிமெண்டு கலக்கும் சிறு டிரம்மிலோ ஐந்து நிமிடம் உருட்டுங்கள். அதன் மேல் கிலோவுக்கு 20 முதல் 30 மி.லி. மீன் எண்ணெயோ செம்பனை எண்ணெயோ தெளித்து மறுபடி உருட்டுங்கள். எண்ணெய்ப் பூச்சு இல்லாவிட்டால் தீவனம் தண்ணீரைத் தொட்டதுமே மருந்து கரைந்து போய்விடும். அரை மணி நேரம் நிழலில் வைத்திருந்து போடுங்கள். அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றே கலக்க வேண்டும். கையுறையும் முகமூடியும் இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். வெட்டிய 'ஈக்கான் பாஜா'வில் (தீவனமாகப் போடும் மலிவுக் கழிவு மீன்) மருந்து தூவுவது கணக்குக்கு அடங்காத வேலை, எந்தத் துண்டில் எவ்வளவு ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது.

குளத்துத் தண்ணீரிலேயே மருந்தைக் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கால் ஏக்கர் போன்ற 1,000 சதுர மீட்டர் குளம், ஆழம் 1 மீட்டர் என்றால் தண்ணீர் 10 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 20 மி.கி. என்று போட 20 கிலோ மருந்து வேண்டும். யாரும் அவ்வளவு போடப்போவதில்லை. போடும் கொஞ்சம் மீனைக் குணப்படுத்தாது. குளத்தில் உள்ள அத்தனை பாக்டீரியாவுக்கும் அது எதிர்ப்புப் பயிற்சிதான்.

மூன்றாம் நாளே சாவு நின்றுவிட்டாலும் எழுதிய நாள்களை முடியுங்கள். ஐந்து நாளாகியும் சாவு கொஞ்சமும் இறங்கவில்லை என்றால் வேறு மருந்துக்குத் தாவாமல், புது மாதிரி எடுத்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: மருந்து முடிந்த பிறகு

விற்பனைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று பொட்டலத்திலும் மருத்துவச் சீட்டிலும் இருக்கும், அதுவே முதல் விதி. ஐரோப்பாவில் நெடுங்காலம் புழங்கிய ஒரு கணக்கு 500 டிகிரி-நாள். நீரின் வெப்பத்தையும் நாளையும் பெருக்கினால் 500 வர வேண்டும். நம் 29 டிகிரி நீரில் அது 18 நாள் ஆகும். ஆக்சிடெட்ராசைக்ளினுக்கு மீன் சதையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு. காத்திருக்கும் காலத்தில் அந்தக் கூண்டில் சிவப்புக் கொடியாவது கட்டிவையுங்கள், மொத்த வியாபாரி வந்து நிற்கும் நேரத்தில் வேலையாள் தவறான கூண்டில் வலை போடாமல் இருக்க.

செத்த மீன்களைக் கடலில் எறியாதீர்கள். கரைக்குக் கொண்டுவந்து, நீர்நிலையிலிருந்து தள்ளியிருக்கும் இடத்தில் சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள். வலையைப் பாசி போகத் தேய்த்துக் கழுவிய பிறகே குளோரினில் ஊறவிடுங்கள், அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். 200 லிட்டர் பீப்பாய்க்கு 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 400 மி.லி. ஊற்றினால் 200 பிபிஎம் (லிட்டருக்கு 200 மி.கி.) குளோரின் கிடைக்கும். வாளி, கைவலை எல்லாம் அதில் அரை மணி நேரம். அந்தத் தண்ணீரைக் கொட்டுமுன் 280 கிராம் சோடியம் தயோசல்பேட் போட்டுக் குளோரினை முறித்துவிடுங்கள். குளத்தை அறுவடைக்குப் பின் வடித்து, சேற்றை வாரி, வெடிக்கும்வரை காயவிடுவது நல்லது. கடலோரக் கண்டல் மண்ணில் வெட்டிய குளமாக இருந்தால் மட்டும் நெடுநாள் காயவிடாதீர்கள், அந்த மண் காற்றுப் பட்டால் புளித்து அமிலம் கக்கும்.

எதிர்ப்பு உள்ளே வரும் வழிகள்

ஒரு துளி மருந்து போடாத குளத்திலும் எதிர்ப்புக் கிருமி இருக்கலாம். கெலிக்குக் கோழிக்குடல் போடும் பழக்கம் அதற்கு நேர்வழி. கோழியின் குடலில் கோழிப் பண்ணை மருந்துகளுக்குப் பழகிய ஈ. கோலியும் சால்மொனெல்லாவும் இருக்கலாம். பச்சையாக அள்ளிப் போடுவது அவற்றை நேரே குளத்தில் விதைப்பதாகும். மிச்சம் பிடிக்கும் செலவு நோயில் திரும்பிப் போகும், போடாதீர்கள். தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேலே கால்நடைப் பண்ணையோ, வீட்டுக் கழிவோ ஆற்றில் விழுகிறதா என்று நடந்து பாருங்கள்.

குஞ்சு வாங்கும் இடத்தில் என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். புதுக் குஞ்சுகளை 14 நாளாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். 'நோய் வராமல் இருக்க' என்று மாதம் ஒருமுறை ஆன்டிபயாட்டிக் போடும் வழக்கத்தை ஒரேயடியாக விட்டுவிட வேண்டும். அதற்குப் பதில் தடுப்பூசி இருக்கிறது. திலாப்பியாவின் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு மலேசியப் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீவனத்தோடு கொடுக்கும் தடுப்பு மருந்தையே உருவாக்கியிருக்கிறார்கள். புரோபயோடிக் வாங்கினால் எந்த பாக்டீரியா என்று பெயர் போட்டதை மட்டும் வாங்குங்கள். அந்த பாக்டீரியாவே எதிர்ப்பு மரபணுவைச் சுமந்து வரலாம், சோதித்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

ஒரு தடித்த நோட்டில் ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நாள், செத்த எண்ணிக்கை, தின்ற தீவனம், மருந்தின் பெயர், பதிவு எண், கிராம், ஆய்வக அறிக்கை எண் எல்லாம் எழுதுங்கள். மைகேப் என்ற மலேசிய நற்பண்ணைச் சான்றிதழுக்கும் இந்தப் பதிவுகள் வேண்டும். ஒரே மருந்துக்கு வட்டத்தின் விட்டம் அறிக்கைக்கு அறிக்கை சுருங்கிக்கொண்டு வந்தால், அந்த மருந்து உங்கள் பண்ணையில் கைவிடப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

வேலை செய்பவர்களின் கை

சியாக்காப்பின் செவுள் மூடியின் ஓரம் கத்திபோல் வெட்டும், கெலியின் முள் ஆழமாகக் குத்தும். அந்தக் காயம் வழியே விப்ரியோ வல்னிபிகஸ் போன்ற கிருமி ஏறினால் ஒரே நாளில் கை வீங்கிக் காய்ச்சல் அடிக்கலாம். சர்க்கரை நோயும் ஈரல் நோயும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நன்னீர் மீனிலும் ஆபத்து உண்டு. 2015இல் சிங்கப்பூரில் பச்சை நன்னீர் மீன் சாப்பிட்டவர்களைத் தாக்கியது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியேயின் எஸ்டி283 வகை. அதே வகையை மலேசியத் திலாப்பியாவிலும் கண்டிருக்கிறார்கள். காயம் பட்டதும் ஓடும் சுத்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சிவப்பு பரவினால் அன்றே கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். மீன் பண்ணையில் வேலை செய்வதையும், கடைசியாக அந்தக் கூண்டில் போட்ட மருந்தின் பெயரையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆய்வக அறிக்கையின் நகலைக் கைபேசியில் படமாக வைத்திருந்தால் அதையும் காட்டலாம்.